கறுப்பை அச்சிடத் தெரிந்த கடை

யாழ்ப்பாணத்தில் அச்சுக்கடைகளின் பிழைப்பு பெரும்பாலும் செத்தவீடுகளால்தான் நடக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அந்தியேட்டி அழைப்பு, 31ஆம் நாளன்று வந்தவர்களின் கையில் கொடுக்கும் 'கல்வெட்டு' எனப்படும் நினைவு நூல் என்று இயந்திரங்கள் ஓய்வதில்லை. கலியாண அட்டையும் பூப்புனித நீராட்டு விழாப் பதாகையும் அவற்றுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள அப்படியான ஒரு கடைக்குத்தான், எடுக்கப்படாத பேய்ப்படங்களுக்கு வரையப்பட்ட 14 சுவரொட்டிகளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஒக்ரோபர் கடைசி வாரத்து மழை நாள் ஒன்றில் போனேன். நல்லதோடு சில குறைகளையும் சொல்லவிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நகரத்தில் அச்சு வேலை செய்விப்பவர்கள் அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுவரொட்டிகள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கும் பேய்ப்பட இரசிகர்கள் சிலர், இணையத்தில் மட்டுமே சந்தித்துக்கொள்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொள்கிறோம். இல்லாத ஒரு பேய்ப்படத்துக்கு ஏ3 அளவில் சுவரொட்டி செய்ய வேண்டும். தலைப்பு தமிழில் இருக்க வேண்டும். இரத்தம் ஒரு துளியும் தெரியக்கூடாது. கணினி தானாக உருவாக்கித் தரும் படங்களுக்கும் அனுமதி இல்லை. மற்றவர்களுக்கு உரிமையுள்ள படங்களை வெட்டி ஒட்டக்கூடாது என்ற விதிக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறோம். ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, விநியோகித்தவர்கள் பதிப்புரிமைக் குறிப்பைத் திரும்பச் சேர்க்காமல் விட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. ஆகவே அந்தப் படத்தின் காட்சிகளை யாரும் எடுத்தாளலாம். இம்முறை இருவர் எடுத்தாண்டார்கள். வாக்களிப்பில் முதலாவதாக வருபவருக்குப் பணப்பரிசு கிடையாது. எல்லாருடைய சுவரொட்டிகளும் நல்ல தாளில் அச்சாகி அவர் வீட்டுக்குப் போகும், செலவைப் பங்கிட்டுக்கொள்வோம். நகரத்தில் இருப்பவன் என்ற ஒரே தகுதியால் அச்சுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கணினியின் முன்னால் இருந்த அண்ணை கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றாவது, முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஓர் ஆச்சியின் மார்பளவுப் படம். நெற்றி நிறையத் திருநீறு, மூடிய கண்கள், பின்னால் கறுப்பு. அண்ணை சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, குரலையும் தாழ்த்திக்கொண்டு, "ஆற்றை செத்தவீடு, தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள், "கண் மூடியிருக்கு. திறந்து விடட்டோ?" என்றும் கேட்டுவிட்டார். பிந்திய வயதில் எடுத்த ஒரே படத்தில் கண் மூடியிருந்தால், பழைய அடையாள அட்டைப் படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டிக் கொடுப்பது அவர்களுடைய அன்றாட வேலைகளில் ஒன்றாம். இது போட்டிக்குச் செய்தது என்று விளக்கியதும் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஆச்சியின் படத்தைப் பெருப்பித்துக் காதோரம் வரை பார்த்துவிட்டு, "அப்ப கறுப்பை வடிவாப் பார்த்து அடிக்க வேணும்" என்றார். பதினான்கிலும் உள்ள ஒரே சிக்கல் கறுப்புத்தான் என்பதை, நான் சொல்லாமலே ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

பேய்ப்படச் சுவரொட்டியில் பாதிக்கு மேல் இருட்டு. கைப்பேசித் திரையில் அந்த இருட்டு அழகாகத் தெரிவதற்குக் காரணம், திரை தானே ஒளி விடுவதும் நாம் பிரகாசத்தை முழுதாகக் கூட்டி வைத்துப் பார்ப்பதும்தான். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையில் உள்ள வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தருகிறது. திரையில் புதருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த முகம், தாளில் புதரோடு சேர்ந்து ஒரே கரும்பட்டையாகிவிடுவது இதனால்தான். அதற்கு எதிரான விபத்தும் உண்டு. கறுப்பு மையை மட்டும் நூறு வீதம் போட்டு அடித்தால், பெரிய பரப்பில் அது கரும்பலகையைப் போலச் சாம்பல் பூத்துத் தெரியும். ஆழம் வேண்டுமென்றால் கறுப்போடு சயான் (வெளிர்நீலம்), மஜென்டா (ஊதாச்சிவப்பு), மஞ்சள் மூன்று மைகளையும் அளவோடு கலக்க வேண்டும். அண்ணை வைத்த அளவு சயான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100, மொத்தம் 240. ஆசைப்பட்டு நான்கையும் நூறாக்கினால் 400 வரும். அவ்வளவு தூள்மையையும் தாள் தாங்காது, மடித்த இடத்தில் வெடித்து உதிரும், மேலே ஒட்டும் லமினேசனும் பிடிக்காது. வழக்கமாக 300ஐத் தாண்டுவதில்லை என்றார்.

இந்தக் கடையை நான் பாராட்டுவதற்கு முதற்காரணம் அடுத்து அவர் செய்த வேலை. முழுச் சுவரொட்டியையும் அடித்துப் பார்க்காமல், ஒவ்வொன்றிலும் மிக இருண்ட இடத்திலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, பதினான்கு துண்டுகளையும் ஒரே ஏ3 தாளில் அடுக்கி அடித்தார். அதை உள்ளே குழல்விளக்கின் கீழ் பார்க்கவிடாமல், கடை வாசலுக்குக் கூட்டிவந்து மழை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்து வல்லைவெளி என்ற வெட்டவெளியின் இரவை வரைந்திருந்த ஒருவரின் துண்டில், தெருவோரம் நிற்க வேண்டிய உருவத்தைக் காணவே இல்லை. அந்த உருவத்தை வெளிறச் செய்தால் பயம் போய்விடும் என்று நான் தயங்கியபோது, உருவத்தைத் தொடாமல் அதற்குப் பின்னாலுள்ள வானத்தை மட்டும் ஒரு படி வெளுப்பாக்கினார். உருவம் எழுந்து நின்றது. 1922இல் முர்னோ எடுத்த 'நொஸ்பெராட்டு'வில் படிக்கட்டுச் சுவரில் ஏறிப் போகும் அந்த நிழல் இன்றும் வயிற்றைக் கலக்குவது, சுவர் வெளிச்சமாக இருப்பதால்தான் என்று எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் சொல்லுவார். அந்தப் படத்தின் பெயரையே கேள்விப்பட்டிராத அண்ணை, கல்வெட்டுப் படங்களில் கறுப்புக் கோட்டு அணிந்தவர்களைக் கறுப்புப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்துப் பழகியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

1968ஆம் ஆண்டுப் படத்திலிருந்து செய்யப்பட்ட இரண்டும் வேறு விதமாகச் சோதித்தன. கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு மையிலும் அடிக்கும்போது அவற்றின் சமநிலை சிறிது தவறினாலும் சாம்பல் நிறம் பச்சைக்கோ இளஞ்சிவப்புக்கோ சாய்ந்துவிடும். முதல் துண்டில் பிணங்களின் முகங்கள் பாசி பிடித்தவை போல இருந்தன. கறுப்பு மையால் மட்டும் அடித்தால் சாயல் போய்விடும், ஆனால் இருட்டின் ஆழமும் கூடவே போய்விடும். அண்ணை இரண்டையும் அடித்துக் காட்டி முடிவை என்னிடம் விட்டார். நான் கறுப்பு மட்டும் உள்ளதை எடுத்தேன். பழைய படச்சுருளின் சோகை பிடித்த தோற்றம் அதில் இருந்தது. வரைந்த இருவரில் ஒருவருக்கு இன்றுவரை அந்த முடிவில் உடன்பாடில்லை.

தாளைப் பற்றியும் நல்ல ஆலோசனை கிடைத்தது. நான் கேட்டது பளபளப்பான லமினேசன். சுவரில் மாட்டினால் கறுப்புப் பரப்பில் யன்னலும் மின்குமிழும் பார்ப்பவருடைய முகமுமே தெரியும் என்று சொல்லி, 250 கிராம் ஆர்ட் போர்ட்டில் பளபளப்பில்லாத மட் லமினேசனுக்கு மாற்றினார். மட் போட்டால் கறுப்பு ஒரு மாற்றுக் குறைந்தது போலத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார், அப்படித்தான் தெரிந்தது. ஐப்பசி ஈரத்தில் லமினேசன் போடாத தாள் ஓரம் சுருளும் என்பதால் எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. விரல் படுவதில் மட்டும் கவனம் வேண்டும். மட் கறுப்பில் எண்ணெய் விரல் ஒன்று பட்டால் அடையாளம் அப்படியே நிற்கிறது. கடைப் பையன் ஒருவன் வடை சாப்பிட்ட கையோடு எடுத்த சுவரொட்டி ஒன்றின் மூலையில் அவனுடைய பெருவிரல் இப்போதும் இருக்கிறது. அவனை அண்ணை ஏசிய ஏச்சில், எனக்கு முறையிட மனம் வரவில்லை.

குறை என்று நான் எழுத்தில் வைக்க விரும்புவது தமிழ் எழுத்துருவைத்தான். இங்குள்ள பல அச்சுக்கடைகளைப் போல இவர்களும் இன்னும் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலேயே வாழ்கிறார்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பின்னால் அடிக்கிறோம், கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அது நிற்கும். இன்று இணையத்திலும் கைப்பேசியிலும் பயன்படும் யுனிகோட்டிலோ எழுத்து முதலில் பதிவாகி உயிர்க்குறி பின்னால் வருகிறது; அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டியது மென்பொருளின் வேலை. இவர்களுடைய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு அந்த வேலை தெரியாது. பிள்ளைப்பெற்ற வீட்டைச் சுற்றுவதாக எங்கள் அம்மம்மாமார் சொல்லும் 'கொத்தி'யைத் தலைப்பாக வைத்த சுவரொட்டியில், கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்று, புள்ளியால் வரைந்த வட்டமொன்றைச் சுற்றி நின்றன. வேறொன்றிலும் அதே கதை. கறுப்பின் நுணுக்கம் இவ்வளவு தெரிந்த கடை, தலைப்பு சிதைந்து கிடப்பதைக் கவனியாமல் லமினேசன் வரை கொண்டுபோனது எனக்கு வியப்புத்தான். எழுத்தை வடிவக்கோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைபடமாக, மாற்றாமல் கோப்பைக் கொடுத்தது என் பிழை என்பதால் மறுபடி அடிக்க வேண்டிய அந்த இரண்டின் தாள் செலவை நானே ஏற்றேன். ஆயினும் தலைப்பை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவர்கள் கடமை. கொண்டுபோகிறவர்கள் எழுத்தெல்லாவற்றையும் வடிவக்கோடாக மாற்றி, பி.டி.எப். கோப்பாகவே கொடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நான்கு மை கலந்த கறுப்பின் நடுவே மெல்லிய வெள்ளை எழுத்தை விடாதீர்கள். நான்கு நிறமும் மயிரிழை விலகினாலும் முதலில் மறைவது மெய்யெழுத்தின் தலைப் புள்ளி. எங்கள் சுவரொட்டி ஒன்றின் அடிவரியில் 'அவள் வருவாள்' என்று இருக்க வேண்டியது 'அவள வருவாள' என்று, யாரோ சளி பிடித்துப் பேசியது போல வந்து நின்றது. சோதனைத் துண்டில் அதைக் கண்டுபிடித்துத் தடித்த எழுத்துக்கு மாற்றியதும் அதே அண்ணைதான்.

விலை நியாயம். ஏ3 ஒன்றுக்கு 200 ரூபா, லமினேசனுக்கு 100. பதினான்குக்கும் 4200, மறுபடி அடித்த இரண்டுக்குத் தாள் செலவு 200. சோதனைத் தாளுக்கு எதுவும் வாங்கவில்லை. மறுநாள் தருவதாகச் சொன்னது மூன்றாம் நாள்தான் கிடைத்தது. இடையில் இரண்டு கல்வெட்டுகள் வந்து முன்னால் ஏறிக்கொண்டன, அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? உட்காருவதற்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை உண்டு. அதிலும் பெரும்பாலும் அட்டைப்பெட்டி இருக்கும்.

பொதி கட்டுவதில்தான் இந்தக் கடை திருந்த வேண்டும். முதலிடம் பெற்றவர் மட்டக்களப்பில் இருப்பதால், சுவரொட்டிகளைச் சுருட்டி பி.வி.சி. குழாய்க்குள் வைத்துப் பேருந்தில் அனுப்புவது திட்டம். குழாய் என்னிடம் இருந்தது, உள்ளே சுற்றுவதற்குத் தாள் கேட்டேன். கடைப் பையன் மேசைக்கடியில் இருந்து எடுத்த கழிவுத் தாள்களால் இறுக்கமாக, உண்மையில் மிக நேர்த்தியாக, சுற்றிக் கொடுத்தான். அடுத்த நாள் காலை ஆறரைக்கு மட்டக்களப்பிலிருந்து அழைப்பு வந்தது. வெற்றி பெற்றவர் குழாயைத் திறந்திருக்கிறார். முதலில் கைக்கு வந்தது கறுப்புக் கரையிட்ட ஒரு கண்ணீர் அஞ்சலி, நிறம் பிசகியதால் ஒதுக்கப்பட்டது. அதை இதுவும் ஒரு போட்டிச் சுவரொட்டி என்று எண்ணி, கீழே 'தகவல்: குடும்பத்தினர்' என்பது வரை வாசித்து, நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று இரசித்துக்கொண்டிருந்தவருக்கு, திகதியைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்திருக்கிறது. "இது எங்கட ஆக்கள் செய்ததோ, இல்லாட்டி உண்மையா ஆரும் போயிட்டினமோ?" என்று கேட்டார். பதினான்குதானே இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணிவிட்டு, பதினைந்து இருக்கிறது என்றார்.