தேரி மண் படிந்த காரைக் கழுவ எது நல்லது? பனியன் துணி, ஸ்பாஞ்ச், பிரஷ், கையுறை

எங்கள் வீடு தூத்துக்குடியில். மனைவியின் ஊர் காயாமொழிப் பக்கம். மாதத்தில் இரண்டு தடவையாவது குதிரைமொழித் தேரியை, அதாவது அங்கே பரந்து கிடக்கும் செம்மணல் மேட்டை, ஒட்டிய சாலையில் போய் வருவோம். ஆடிக் காற்றில் ஒருமுறை போய் வந்தாலே கறுப்புக் கார் செங்கல் சூளையிலிருந்து எடுத்து வந்தது மாதிரி நிற்கும். மறுநாள் காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பனியன் வேஸ்ட் துணியும் எடுத்துத் துடைத்து முடிப்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் உச்சி வெயிலில் பானட்டைப் பார்த்தேன். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். பட்டறையில் பெயின்ட் அடிக்கும் தம்பியிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "இது யாரும் வேணும்னு போட்ட கோடு இல்ல அண்ணாச்சி. நீங்க கழுவுனதுல விழுந்தது" என்றார். எனக்கு மனசே சரியில்லை. அழுக்காகவே விட்டிருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஒவ்வொரு பொருளாக வாங்கி, கழுவி, பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. தேரி மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. கூடவே கார்னெட், இல்மனைட் மாதிரி கனமான தாதுக்களும் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சாதாரண ஜன்னல் கண்ணாடி 5.5 பக்கம். கண்ணாடியையே கீறுகிற பொருள் இது. காரின் மேல் இருக்கும் கிளியர் கோட்டோ வெறும் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலம். அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடியின் கனம்கூட வராது. பாலிஷ் போட்டால் கீறல் போகும், உண்மைதான். ஆனால் பாலிஷ் என்பது அந்தப் படலத்தையே கொஞ்சம் சீவி எடுப்பது. எத்தனை தடவை சீவ முடியும்?

அதனால் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பதில் பெரிய பயனில்லை. பனியன் துணியும் மெத்தென்றுதான் இருக்கும். தேய்க்கும்போது மணல் எங்கே போகும் என்று பாருங்கள். பெயின்டுக்கும் பொருளுக்கும் நடுவிலேயே மாட்டிக்கொண்டால் கீறும். பொருளின் உள்ளே போய் ஒதுங்க இடமிருந்தால், கீறல் வெகுவாகக் குறையும்.

இதைச் சோதிக்க என் காரைப் பலி கொடுக்க மனமில்லை. வீட்டில் பழைய சிடிக்கள் ஒரு கட்டு கிடந்தன. சிடியின் பளபளப்பான அடிப்பக்கம் பாலிகார்பனேட். கிளியர் கோட்டைவிடச் சீக்கிரம் கீறல் விழும், விழுந்தது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஷாம்பு தண்ணீரில் நனைத்த ஒவ்வொரு பொருளாலும் ஒரு சிடியைச் சும்மா தேய்த்தேன். பிறகு ஒரு சிட்டிகை தேரி மண் தூவி இன்னொரு சிடியைத் தேய்த்தேன். மண் தூவிய சிடி ஒன்றுகூடக் கீறாமல் தப்பவில்லை. எந்தக் கையுறையும் மந்திரம் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் கீறலின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது.

பனியன் துணியும் ஸ்பாஞ்சும்

இரண்டையும் ஒன்றாகவே சொல்லலாம். பனியன் வேஸ்ட் தட்டையான துணி. மணல் அதன் பரப்பிலேயே உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு அந்த வேஸ்டில் தையல் விளிம்பு, லேபிள், சிலசமயம் பொத்தான்கூட இருக்கும். மண் தூவிய சிடியில் மிக மோசமான கோடுகள் விழுந்தது இதில்தான். மெக்கானிக் கை துடைப்பதற்கும் எஞ்சின் எண்ணெய் துடைப்பதற்கும் இதைவிட நல்ல பொருள் கிடையாது, அந்த இடத்தில் அது இருக்கட்டும்.

ஸ்பாஞ்சை நான் ரொம்ப நம்பியிருந்தேன். மஞ்சள் நிறத்தில், எட்டு வடிவத்தில் கடையில் தொங்குமே, அதுதான். சும்மா தேய்த்த சிடியில் ஒரு கோடுகூட இல்லை. மண் பட்டதும் கதை மாறியது. ஸ்பாஞ்சின் முகம் தட்டை. அதன் துளைகளில் மணல் பாதி புதைந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. உப்புத்தாள் செய்யும் வேலையும் அதேதான். தண்ணீரில் பிழிந்தாலும் அந்த மணல் சுலபத்தில் வெளியே வருவதில்லை.

காய்ந்த துணியும் இறகுத் துடைப்பானும் கொண்டு காலையில் தூசி தட்டுகிற வழக்கம் நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிறைய இருக்கிறது. உள்ளூர்த் தெருவில் படியும் லேசான தூசிக்கே அது நல்லதில்லை. தேரி மண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

பிரஷ்

பிரஷ் என்று சொன்னாலே சிலர் பதறுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பிரஷ்ஷில் இரண்டு சாதி உண்டு.

நீளக் கைப்பிடியும், ஹோஸ் பைப்பை மாட்டும் துளையும் கொண்ட நைலான் பிரஷ் முதல் வகை. அதன் முடி முனை வெட்டிய மாதிரி இருக்கும். அது மண்ணே இல்லாத சிடியில்கூட மெல்லிய கோடு போட்டது. அந்த ஒரு சோதனையோடு அதைப் பெயின்ட் பக்கம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். டயர், மட்கார்டின் உள்பக்கம், மிதியடி ஆகியவற்றுக்கு அதைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். அருமையாக வேலை செய்கிறது.

இரண்டாவது பன்றி முடி பிரஷ். இதன் முடி நுனி இயல்பாகவே இரண்டு மூன்றாகப் பிளந்து, சிறு துடைப்பம் மாதிரி விரிந்திருக்கும். அதனால் நுனி மென்மை, ஷாம்பையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முடிக்கு நடுவே இடைவெளி இருப்பதால் மணல் ஒதுங்கவும் வழி உண்டு. தண்ணீரில் உதறினால் உடனே உதிர்ந்துவிடும். தேய்ப்பதற்கு முன் ஐந்து பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த முடி விறைப்பாக இருக்கும். சிடியில் இது கையுறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் ஸ்பாஞ்சைவிட நிச்சயமாகக் குறைவாகவும் கீறியது. கதவின் அடிப்பகுதி, பம்பரின் கீழ்ப்பக்கம், நம்பர் பிளேட்டைச் சுற்றி என மண் அப்பிக் கிடக்கும் இடங்களில் நான் முதலில் இதைத்தான் போடுகிறேன், அதுவும் அழுத்தாமல். பன்றி முடி என்பதால் தொட விரும்பாதவர்களுக்கு, நுனி பிளந்த செயற்கை முடி பிரஷ்ஷும் கிடைக்கிறது. வாங்கும்போது நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி விரிந்திருக்க வேண்டும்.

நீளக் கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. உயரமான வண்டியின் ரூஃப் எட்டாதவர்களுக்கு அது தேவைதான். ஆனால் கம்பு நீள நீள, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரியாது. என் மனைவி முக்காலி போட்டு ஏறிக் கையுறையால் கழுவுகிறார். என் அப்பாவுக்கு அது முடியாது, அவருக்காகக் கம்பின் முனையில் கையுறைத் துணியே மாட்டிய மாப் ஒன்று வாங்கினேன். பிரஷ்ஷுக்கு அது எவ்வளவோ மேல்.

கையுறை: செனிலா, ஆட்டு ரோமமா?

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான குழப்பம் வந்தது. இரண்டுமே நல்லவை.

செனில் கையுறை என்பது மைக்ரோஃபைபரால் ஆன குட்டிக் குட்டி விரல்கள் அடர்த்தியாகத் தொங்கும் வகை. செனில் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்றே பொருள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்த விரல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மணல் போய் விழுகிறது. மலிவு, எங்கும் கிடைக்கும், சீக்கிரம் காயும், வாஷிங் மெஷினில் போடலாம். துணி மிருதுவாவதற்கு ஊற்றும் வாசனைத் திரவத்தை மட்டும் சேர்க்காதீர்கள், இழையில் படிந்து அதன் குணத்தைக் கெடுத்துவிடும். இதன் குறை என்னவென்றால், பள்ளத்தில் விழுந்த மணல் சிலசமயம் அடியிலேயே தங்கிவிடுகிறது. அலசும்போது விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். மலிவான சரக்கில் விரல்கள் ஐதாக இருந்து, அடித்துணி தெரியும். அது பனியன் துணிக்கு அண்ணன்தான், வாங்காதீர்கள்.

ஆட்டு ரோமக் கையுறையை முதன்முதலில் நனைத்துக் காரின் மேல் வைத்தபோது, அது பெயின்டைத் தொடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. நீண்ட ரோமம், நிறைய ஷாம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மணல் உள்ளே ஆழமாகப் போய்விடுகிறது, பக்கெட்டில் இரண்டு முக்கு முக்கினால் வெளியே வந்துவிடுகிறது. சிடி சோதனையில் மிகக் குறைவாகக் கீறியது இதுதான். ஆனால் இதை வைத்துக் காப்பாற்றுவது ஒரு வேலை. தோல் அடிப்பாகத்தை வெயிலில் காயப்போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். வெந்நீரும் துணிச் சோப்பும் ஆகாது. நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும், அப்படியும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ரோமம் உதிரவும் உதிரும். விலையோ செனிலைப்போலப் பல மடங்கு. ஆட்டு ரோமம் என்று சொல்லி பாலியஸ்டரை விற்பதும் உண்டு. இரண்டு இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். ரோமம் முடி கருகும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

என் முடிவு: கறுப்பு, அடர்நீலம், மெரூன் மாதிரி அடர்நிறக் கார், வாரம் ஒருமுறை தானே கழுவுகிற பொறுமை, இவை இரண்டும் உள்ளவர்கள் ஆட்டு ரோமம் வாங்கலாம். மற்ற எல்லோருக்கும் அடர்த்தியான செனில் கையுறை, ஒன்றுக்கு இரண்டாக. வெள்ளை, சில்வர் கார் வைத்திருப்பவர்கள் ஆட்டு ரோமத்துக்குச் செலவழிக்க நான் ஒரு காரணமும் காணவில்லை. எந்தக் கையுறையானாலும் மணிக்கட்டுப் பக்கம் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டி எறியுங்கள். மோதிரம், வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள்.

கையுறைக்கு முன்னால்

மண் தூவிய சிடி எல்லாமே கீறியது என்று சொன்னேன் அல்லவா? அதனால் தேய்ப்பதற்கு முன் எவ்வளவு மண்ணைத் தண்ணீரே கொண்டுபோகிறதோ, அவ்வளவும் லாபம். பிரஷர் வாஷர் இருந்தால் நல்லது, முனையை ஒரு அடியைவிடக் கிட்டே கொண்டுபோகாமல் மேலிருந்து கீழே அடியுங்கள். ஃபோம் அடித்து மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டால் இன்னும் மண் இளகி இறங்கும், ஆனால் காயவிடக் கூடாது. மோட்டார் இல்லாதவர்கள் மக்கால் ஊற்றியே இதைச் செய்யலாம். நான் முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு பக்கெட். கதவடியில் ஓடிவரும் தண்ணீர் சிவப்பாக வருவது நிற்கும்வரை கையுறையைத் தொடுவதில்லை.

அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். தேய்த்த கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். அலசுகிற பக்கெட்டின் அடியில் போட, துளைத்தட்டு ஒன்று கடையில் விற்கிறார்கள். நான் இட்லிப் பானைக்குள் வைக்கிற பழைய துளைத்தட்டைப் போட்டுக்கொண்டேன், விளிம்பு மழுங்கியது. மணல் தட்டுக்கு அடியில் போய்த் தங்கிவிடுகிறது, மறுபடி கலங்கி மேலே வருவதில்லை. முதல் நாள் கழுவி முடித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் ஒரு கைப்பிடிச் செம்மண் கிடந்தது. முந்தைய இரண்டு வருடம் இதையெல்லாம் பானட்டின் மேல்தானே தேய்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரூஃப், கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி இவற்றுக்கு ஒரு கையுறை. கதவின் கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும் பழைய இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் மாறிப்போகாது. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள், கையின் எடையே போதும். கீழே விழுந்த கையுறையை அன்றைக்கு மறுபடி காரில் வைக்காதீர்கள். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி புள்ளியாக நிற்கும். அதனால் ஏழு மணிக்கு முன்பே முடித்து, தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டு ரோமக் கையுறை காயவே மாட்டேன் என்கிறது, நாற்றம் எடுக்கிறது. அந்த இரண்டு மாதமும் அதை எடுத்து வைத்துவிட்டுச் செனிலோடு ஓட்டிவிடுகிறேன். என் செனில் கையுறை வாங்கியபோது வெள்ளை, இப்போது காவி நிறம். செம்மண் சாயம் எத்தனை தடவை அலசினாலும் போகாது, அதனால் கெடுதலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அலசி முடித்துக் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். உள்ளங்கைக்குத் தெரியாத கரகரப்பு கன்னத்துக்குத் தெரியும். அப்படித் தெரிந்த அன்றைக்கு அந்தக் கையுறை சக்கரம் கழுவப் போய்விடும், பானட்டுக்குப் புதிது வரும்.