தொங்கு சட்டமன்றம் வரும் நாளில் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கம்: கொழும்பு வாசகருக்கு ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் வாக்கெண்ணும் நாளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் சென்னைச் சேனல்கள்தான் ஓடும். பரபரப்புக்கு அவை போதும். எண்களுக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலில் இந்தப் பக்கம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது.

நம்மூரைப்போல இரவிரவாக விழித்திருக்கத் தேவையில்லை. எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளோடு தொடங்கும், வாக்கு இயந்திரங்கள் 8.30 அளவில். இரு நாட்டுக்கும் ஒரே நேரம். முதல் ஒரு மணிநேர முன்னிலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசைகள், ஒரு சுற்றுக்கு 14 இயந்திரங்கள். சுற்று முடிந்து, சரிபார்த்து, தேர்தல் அதிகாரி பதிவேற்றிய பிறகே எண் இங்கே வரும். அதனால்தான் டிவிக்குப் பின்தங்குகிறது. அந்தத் தாமதம் குறையல்ல, இதை நம்பலாம் என்பதற்கான காரணமே அதுதான். தொகுதிப் பக்கத்தில் ‘6/20’ என்றிருந்தால் இன்னும் 14 சுற்று பாக்கி. 2018இல் கர்நாடகத்தின் மஸ்கி தொகுதி கடைசியில் 213 வாக்குகளில்தான் முடிந்தது.

பெரிய குறை, கட்சி அட்டவணையில் கூட்டணிக் கூட்டுத்தொகை இல்லாதது. ஒவ்வொரு கட்சிக்கும் வென்றது, முன்னிலை, மொத்தம் என்று மூன்று எண்கள் மட்டுமே. 2006 தமிழ்நாட்டு முடிவை இந்த அமைப்பில் பார்த்தால், 234இல் திமுகவுக்கு 96, பெரும்பான்மைக்கு வேண்டியது 118 என்றவுடன் ஆட்சி நிலைக்காது என்றே தோன்றும். காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6 என்று சேர்த்தால்தான் 163 வரும். கருணாநிதி காங்கிரஸ் ஆதரவில் ஐந்து ஆண்டும் ஆண்டார். எனவே கூட்டணிப் பட்டியலைக் காலையிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பெரும்பான்மைக் கோட்டையும் நீங்களே போட வேண்டும். கர்நாடகத்தில் 2018இல் மொத்தம் 224 ஆசனங்கள், அன்று முடிவு வந்தது 222க்கு. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமி இரண்டு தொகுதிகளில் வென்றதால் உறுப்பினர் 221 பேர்தான், கோடு 111. பாஜக 104, காங்கிரஸ் 78, மதச்சார்பற்ற ஜனதா தளம் 37. வாக்கு வீத வட்ட வரைபடம் இங்கே இன்னும் குழப்பும்: காங்கிரஸுக்கு ஏறத்தாழ 38 வீதம், பாஜகவுக்கு 36. ஆசனக் கணக்குப் பார்க்கும்போது அந்த வரைபடத்தை விட்டுவிடுங்கள்.

கடைசித் தொகுதி அறிவிக்கப்பட்டதும் பக்கம் உறைந்துவிடும். தொங்கு சட்டமன்றத்தின் உண்மையான கதை அதற்குப் பிறகுதான். அதே 2018 கர்நாடகத்தில் பாஜகவின் எடியூரப்பா மே 17இல் முதல்வராகப் பதவியேற்றார். பெரும்பான்மையை நிரூபிக்க ஆளுநர் கொடுத்த 15 நாள் அவகாசத்தை உச்சநீதிமன்றம் சுருக்கியது. 19ஆம் திகதி வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார். 23ஆம் திகதி காங்கிரஸ் ஆதரவோடு குமாரசாமி முதல்வர். இதில் எதுவும் அந்தப் பக்கத்தில் வராது. கொழும்பு மாநகர சபையிலும் இதுதான் நடந்தது: 2025 மே 6 தேர்தலில் 117 பேரில் தேசிய மக்கள் சக்திக்கு 48. மேயர் யாரென்பது ஜூன் 16இல், 61க்கு 54 என்ற இரகசிய வாக்கெடுப்பில்தான் தெரிந்தது. இந்தியச் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கு பகிரங்கமானது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே கட்சி மாற நினைப்பவர்கள் முதலில் ராஜினாமாவையே நாடுவார்கள், அப்போது கோடு மறுபடியும் இறங்கும்.

வாக்குச்சாவடி வாரியான கணக்கு வேண்டுமானால் இங்கே தேடாதீர்கள். அது படிவம் 20. சில காலம் கழித்து அந்தந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வரும், பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக.