கல்யாண வீடியோவும் ஆல்பம் டிசைனும் செய்ய லெனோவோ எல்ஓக்யூ 15: பெயரை விட்டுவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்து வாங்குங்கள்

70 ஆயிரம் ரூபாயை ஒட்டி ஒரு லேப்டாப் வேணும், ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் திணறாமல் ஓடணும், பிரீமியரில் கல்யாண வீடியோ வெட்டணும், வேலை முடிந்தால் கொஞ்ச நேரம் வாலரன்ட் விளையாடணும். தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு நான் சொல்வது லெனோவோ எல்ஓக்யூ 15, அதிலும் இன்டெல் ஐ5-12450எச்எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் உள்ள மாடல். ஆல்பம் டிசைன் என் தொழில், எடிட்டிங் கூடவே வருகிற வேலை, என் மேசையில் தினமும் ஓடுவது இந்த மெஷின்தான். ஆனால் எல்ஓக்யூ என்ற பெயரை மட்டும் சொல்லிக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரே பெயரில், ஒரே வெளித்தோற்றத்தில், உள்ளே வேறு வேறு ஸ்க்ரீன், வேறு வேறு கார்டு, வேறு வேறு ராம் போட்டு விற்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் இதைச் செய்கிறது.

முதலில் ஸ்க்ரீன். நம் மாதிரி ஆட்களுக்கு இதுதான் தலையாய விஷயம், ஆனால் கடையில் கடைசியாகக்கூட யாரும் பேசமாட்டார்கள். பட்ஜெட் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் வருவது 45 சதவீத என்டிஎஸ்சி பேனல். சிலர் அதையே 62.5 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதுவார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி எல்லாம் ஸ்க்ரீன் எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் அளவுகோல்கள், சாதாரணப் படங்கள் எஸ்ஆர்ஜிபியில்தான் இருக்கும். அதாவது ஒரு சாதாரண ஜேபெக் படத்தில் இருக்கக்கூடிய நிறங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் அந்த ஸ்க்ரீனில் வராமலே போய்விடும். விளையாட இது போதும். ஆனால் அரக்குக் கலர் காஞ்சிபுரம் பட்டு கட்டிய மணப்பெண்ணின் படத்தை அதில் திறந்து பாருங்கள், புடவை செங்கல் நிறத்தில் வெளிறித் தெரியும். டிசைன் செய்கிறவன் என்ன செய்வான்? கலர் பத்தவில்லை என்று சாச்சுரேஷனை ஏற்றுவான். ஆல்பம் லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது புடவை திட்டாக அப்பியிருக்கும், ஜரிகை ஆரஞ்சு அடிக்கும், பெண்ணின் கன்னம் வெயிலில் நின்ற மாதிரி சிவந்திருக்கும். அதற்குள் பெண் வீட்டார் தங்கள் போனில் அதே படத்தைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

எல்ஓக்யூவில் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி பேனல் போட்ட மாடல்கள் இந்த விலையிலேயே கிடைக்கின்றன, நான் இதைச் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான். 300 நிட்ஸ் வெளிச்சம், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்), ஃபுல் எச்டி. 45 சதவீத பேனலும் சில மாடல்களில் உண்டு என்பதால் பெட்டியின் மேல் ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு லெனோவோவின் பிஎஸ்ரெஃப் தளத்தில் போட்டுப் பாருங்கள், பேனல் விவரம் வந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கலர் கேமட், அதாவது ஸ்க்ரீன் காட்டும் நிறங்களின் அளவு, எவ்வளவு என்று கேட்டதற்கு, "சார், எல்லாமே ஃபுல் எச்டிதான், 144 ஹெர்ட்ஸ்தான்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள். வேகத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்ப்ளேவுக்கு வைத்திருக்கும் பீஸில் நல்ல சிவப்புள்ள ஒரு படத்தைத் திறந்து, பக்கத்தில் உங்கள் போனில் அதே படத்தை வைத்துப் பாருங்கள். மோசமான பேனல் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது கார்டு. 3050 என்ற பெயரிலேயே 4 ஜிபியும் உண்டு 6 ஜிபியும் உண்டு, வாங்க வேண்டியது 6 ஜிபி. டாவின்சி ரிசால்வில் 4கே டைம்லைனில் நாலு நோட் (ஒவ்வொரு கலர் திருத்தத்துக்கும் ஒரு படி) போட்டு கலர் கிரேடிங் செய்ய ஆரம்பித்தால், 4 ஜிபி கார்டில் ஜிபியூ மெமரி நிரம்பிவிட்டது என்ற செய்தி சீக்கிரமே வந்து நிற்கும். 2050 இன்னும் விலை குறைவு, ஆனால் அதிலும் 4 ஜிபிதான், எடிட்டிங்கை நம்பிப் பிழைக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். இன்னும் பத்துப் பன்னிரண்டாயிரம் போட முடிந்தால் 4050 நல்லது. மெமரி அதே 6 ஜிபிதான், ஆனால் வேகம் கூடுதல், புது வீடியோ ஃபார்மட்டான ஏவி1 என்கோடிங் வருகிறது, விளையாட்டுகளில் இடையில் ஃபிரேம்களைத் தானே உருவாக்கும் ஃபிரேம் ஜெனரேஷனும் வருகிறது. அப்போதும் டிஜிபி, அதாவது கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம், எத்தனை வாட் என்று கேளுங்கள். ஒரே 4050 கார்டு ஒரு லேப்டாப்பில் 75 வாட்டிலும் இன்னொன்றில் 100 வாட்டுக்கு மேலும் ஓடும், பெயர் ஒன்றாக இருந்தாலும் வேகம் ஒன்றாக இருக்காது.

எடிட்டிங்கில் ஒரு முக்கியமான விஷயம். கேமராக்கள் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் ஃபார்மட்டுகள் எச்.264, எச்.265. பிரீமியரில் அவை வழவழவென்று ஓடுவதற்கு இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் குட்டி கிராபிக்ஸின் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி பெரிய உதவி. சோனி ஏ7 IV மாதிரி கேமராக்களில் எச்.265ல் எடுக்கும் 4:2:2 10 பிட் (நிறத் தகவல் கூடுதலாக உள்ள) ஃபுட்டேஜை ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளால் ஹார்டுவேரில் டிகோட் செய்ய முடியாது, குவிக் சிங்க்கால் முடியும். எல்ஓக்யூவில் இரண்டு கிராபிக்ஸும் சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் மோடை அணைத்து, என்விடியா கார்டு மட்டும் வேலை செய்யும்படி வைக்கும் வசதி இருக்கிறது. கேமுக்கு அது நல்லது. ஆனால் அப்படி வைத்தால் இன்டெல் கிராபிக்ஸ் அடியோடு அணைந்துவிடும், குவிக் சிங்க்கும் அதோடு போய்விடும். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று அந்த மோடிலேயே விட்டுவிட்டு, கேம் நன்றாக ஓடுகிறது, டைம்லைன் மட்டும் விக்குகிறதே என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. எடிட் செய்யும்போது ஹைபிரிட், விளையாடும்போது வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் ஆகும், பரவாயில்லை. அதே சோனியில் 4:2:2 10 பிட்டை எச்.264ல் எடுத்தால் குவிக் சிங்க்கும் கைகொடுக்காது, பிராக்ஸி (எடிட்டுக்கான லேசான நகல்) போட்டுத்தான் ஆகவேண்டும்.

கேமிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் தாராளமாக ஓடும், சைபர்பங்க் மாதிரி கனமானவற்றை செட்டிங்ஸைக் குறைத்து, வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போட்டு விளையாடலாம்.

விசிறி மோடுகளை எஃப்என், க்யூ இரண்டையும் சேர்த்து அழுத்தி மாற்றலாம், பவர் பட்டனில் எரியும் விளக்கே எது என்று சொல்லிவிடும்: அமைதிக்கு நீலம், நடுத்தரத்துக்கு வெள்ளை, முழு வேகத்துக்கு சிவப்பு. நான் டிசைன் வேலைக்கு வெள்ளை, எக்ஸ்போர்ட் போடும்போது மட்டும் சிவப்பு. சிவப்பில் சத்தம் வரத்தான் செய்யும், இந்த ரக லேப்டாப் எதுவானாலும் அப்படித்தான். சார்ஜர், எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள் எல்லாம் பின்பக்கம் செருகுவதால் மவுஸ் நகர்த்துகிற கைப்பக்கம் வயர் இடிக்காது. எஸ்டி கார்டு ஸ்லாட் கிடையாது, ரீடர் தனியாக வாங்கவேண்டும். எச்பி விக்டஸ் 15ல் அது இருக்கிறது, கேமரா கார்டை மாற்றி மாற்றிச் செருகுகிறவர்களுக்கு வசதிதான், ஆனால் அதிலும் ஏசர் நைட்ரோ வி 15லும் பல மாடல்களில் வருவது அந்த 45 சதவீத பேனல். அவற்றை வாங்கினால் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி மானிட்டர் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் நல்ல வழிதான், சொல்லப்போனால் கண்ணுக்கும் கழுத்துக்கும் அதுவே சுகம்.

எடை சுமார் 2.4 கிலோ, சார்ஜர் தனி. பேட்டரி 60 வாட்-ஹவர்தான், மண்டபத்தில் உட்கார்ந்து ஸ்பாட் எடிட் (விழா நடக்கும்போதே வெட்டுவது) செய்யப் போகிறவர்கள் பிளக் பாயின்ட் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும்போது இந்தக் கார்டுகள் முழு வேகத்தைக் காட்டாது.

ராம் விஷயத்தில் பில் போடும் முன்பே பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒரே ஸ்டிக் போட்டுத்தான் வரும், இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும். 16 ஜிபி இல்லாமல் ஃபோட்டோஷாப்பையும் பிரீமியரையும் ஒன்றாகத் திறந்து நிம்மதியாக வேலை செய்ய முடியாது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்றால் அதுவும் போதாது. இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் டூயல் சேனலில் வேகமும் கூடும். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் 16 ஜிபியோடு வருகிற மாடலை வாங்கிவிடுவதே லாபம். எஸ்எஸ்டிக்கு இன்னொரு எம்.2 ஸ்லாட் இருக்கிறது, அது மெதுவாக நடக்கட்டும்.

முழுக்க முழுக்க 4:2:2 ஃபுட்டேஜ்தான் என்கிறவர்கள் மட்டும் ஆர்டிஎக்ஸ் 5050 லேப்டாப்களைப் பாருங்கள். 2025ல் வந்தது, 8 ஜிபி மெமரி, எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 டிகோட் கார்டிலேயே நடக்கும். விலை நம் பட்ஜெட்டைத் தாண்டும்தான், சலுகை நாளில் கண் வைத்திருங்கள். பேனல் எத்தனை சதவீதம் என்று அதிலும் கேட்டுவிடுங்கள்.