தூத்துக்குடி உப்புக்காற்றில் எங்கள் காப்பக வேலி: 2019 முதல் இன்று வரை

நாங்கள் நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் விளையாட்டு இடத்துக்கு 2019-ல் வேலி போட்டோம். ரோட்டுப் பக்கம் நேர்க்கம்பி கிரில், பின்பக்கம் பச்சை பிவிசி (பிளாஸ்டிக்) பூசிய டைமண்ட் மெஷ், அதாவது சாய்சதுரக் கண்ணுள்ள கம்பிவலை. பட்ஜெட் அவ்வளவுதான். இரண்டும் ஒரே கடல்காற்றில் நிற்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

கிரில் அடிப்பவர் ஜன்னல் கணக்கில் கம்பிக்குக் கம்பி ஐந்து அங்குலம் விட்டுத்தான் கொட்டேஷன் தந்தார். மூன்றரைக்குள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பு நுழைந்த சந்தில் தலை மாட்டிக்கொள்ளும். மூன்றரை முதல் ஒன்பது அங்குலம் வரையான சந்து ஆபத்து என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடே சொல்கிறது. கம்பி கூடியதால் செலவு ஏறியது. குறுக்குச் சட்டம் மேலும் கீழும் மட்டும், அதுவும் வெளிப்பக்கம். கால் வைக்க இடமில்லாததால் ஒரு வாண்டும் இதுவரை ஏறவில்லை.

மெஷ் கதை வேறு. இரண்டு அங்குலக் கண்ணில் மூன்று வயசுப் பிள்ளையின் கால்விரல்கள் அழகாக நுழையும். ஐந்தடி உயரம் இருந்தும் ஆயாம்மா ஒருவர் அந்தப் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது. பிவிசி வெயிலில் வெளுத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெட்டுமுனைகளிலும் கட்டுக்கம்பி உரசும் இடங்களிலும் பூச்சு வெடித்து, துரு உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது. மேலே பார்த்தால் பச்சை, நகத்தால் கீறினால் செம்பொடி. வாங்கும்போது மேல், கீழ் இரண்டு ஓரமும் மடித்த முனையா என்று பாருங்கள். முறுக்கி நீட்டிய முனை தோட்டத்துக்குச் சரி, இங்கே ஆகாது. கட்டுக்கம்பி நுனியையும் வெளிப்பக்கம் மடக்கச் சொல்லுங்கள்.

வெயிலுக்காக மெஷ்ஷில் நிழல் வலை கட்டினோம். ஆடிக்காற்றில் அது பாய்மரமாகிவிட்டது, அவிழ்த்துவிட்டோம். எப்படியும் உள்ளே நடப்பது வெளியே தெரிவதுதான் நல்லது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதே மழை) மெஷ்ஷில் குப்பை அடைத்து, தண்ணீர் தள்ளி, தூண்கள் சாய்ந்தன. மண் அரித்து அடியில் விழுந்த சந்தை முதலில் கண்டுபிடித்தது தெருநாய்கள். கிரில்லுக்கு அடியில் கான்கிரீட் கட்டு இருந்ததால் அந்தப் பக்கம் அசையவில்லை. இப்போது மெஷ்ஷுக்கும் கட்டிவிட்டோம்.

உண்மையில் அதிக வேலை வாங்கியது கேட்தான். தானாக மூடட்டும் என்று போட்ட ஸ்பிரிங் கீல், உப்புக்காற்றில் சீக்கிரமே இறுகிவிட்டது. பாதியில் நிற்கும் கேட், கேட்டே இல்லாததற்குச் சமம். உள்ளூர் வெல்டர் மேல்கீலையும் கீழ்க்கீலையும் லேசாகச் சாய்த்து வைத்துக் கொடுத்தார். கேட் தன் எடையிலேயே வந்து மூடுகிறது, தாழ்ப்பாளும் தானே விழுகிறது. உள்பக்கமாகத் திறப்பதால் பிள்ளைகள் கூட்டமாகச் சாய்ந்தாலும் திறக்காது. தாழ்ப்பாள் மேலே, வெளிப்பக்கம். கீல் பக்கச் சந்தில் விரல் நசுங்காமலிருக்கத் தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டியிருக்கிறோம். வெளுத்தால் அடுத்த துண்டு. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அப்பாக்கள் சிலர் கேட்டுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் பேச நிற்கிறார்கள். அதற்கு எந்தக் கீலும் கிடையாது.

பெயின்ட் பற்றி ஒன்று. கிரில்லுக்கு வருஷத்துக்கொரு தடவை, மழைக்கு முன், துருவைச் சுரண்டி பிரைமரும் எனாமலும் அடிக்கிறோம். பல் முளைக்கும் வயசில் பிள்ளைகள் கம்பியைக் கடிப்பார்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு அந்த விதி இல்லை. எனவே பெயின்ட்டரிடம் விடாமல் டப்பாவை நாங்களே பார்த்து வாங்குகிறோம், பிரைமர் டப்பாவையும்தான். சுரண்டி அடிக்கும் நாட்களில் காப்பகத்துக்கு லீவு.

அடுத்த கோடை லீவில் மெஷ்ஷைக் கழற்றிவிட்டு அங்கேயும் நேர்க்கம்பி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில். பணம் முழுதும் சேராவிட்டால் மணல்தொட்டிக்கு நேரே உள்ள பகுதிக்கு மட்டும் முதலில். ஏறுகிறவர்கள் எல்லாம் அங்கிருந்துதான் ஏறுகிறார்கள்.