டொபீகா மன்ரோ பள்ளி: உள்ளே போகுமுன் கட்டடத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்துவைப்பதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த பிரௌன் வழக்கின் நினைவிடமாகத் தேசியப் பூங்காத் துறை நடத்தும் இடம் என்பதால் கட்டணம் கிடையாது. வாரம் முழுக்கத் திறப்பதில்லை. நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். 1926இல் கட்டிய திடமான செங்கல் கட்டடம். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நகரம் ஒதுக்கிய நான்கு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று. ஒழுகும் கூரையை எதிர்பார்த்து வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். வழக்கின் முடிச்சே அதுதான். தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுன்ட்டி போல பள்ளி மோசமாக இருந்தால், ‘சரிசெய்து கொடு’ என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளலாம். டொபீகாவில் அந்தச் சந்து இல்லை. 1951இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், கட்டடம், பாடம், ஆசிரியர் தகுதி எல்லாம் ஏறக்குறைய சமம் என்றது. பிரித்துவைப்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்றும் அதே நீதிமன்றமே எழுதியது. ஆனாலும் ‘பிரித்தாலும் சமமாக இருந்தால் போதும்’ என்ற 1896 பிளெஸ்ஸி தீர்ப்பைக் காட்டிப் பெற்றோரைத் தோற்கடித்தது. 1954 மே 17இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் அந்த வரிகளையே எடுத்தாண்டு, பிரிப்பதே அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்புக்கு விரோதம் என்றார். ஒன்பது பேரும் ஒரே குரல். (நம் அரசமைப்பின் 14ஆம் பிரிவிலும் அதே சொற்றொடர்தான்.)

உள்ளே மனதை உலுக்குவது ஒரு குறுகிய நடை. இரண்டு பக்கமும் திரைகளில் வெறிபிடித்த கூட்டம் கத்த, நடுவே நீங்கள் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மிரளுவார்கள், முதலிலேயே சொல்லிவையுங்கள். மற்றபடி படிக்க வேண்டிய பலகைகள் கொஞ்சம் அதிகம்தான்.

பலர் தவறவிடுவது: உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவை ஐந்து வழக்குகள், தீர்ப்புகள் இரண்டு. ஐந்தில் ஒன்றான போலிங் வழக்கு தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலிருந்து வந்தது; அது ஒரு மாநிலம் அல்ல. 14ஆம் திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டும். அதனால் அந்த வழக்கை, மத்திய அரசைக் கட்டும் 5ஆம் திருத்தத்தின் கீழ் தனியாகத் தீர்த்தார்கள். 1955இன் அமலாக்க உத்தரவு காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடி, 1964 வரை திறக்கவில்லை.

வழக்குக்குப் பெயர் தந்த குடும்பத்தின் சிறுமி லிண்டா பிரௌனைச் சேர்க்க மறுத்த, வெள்ளையினப் பிள்ளைகளுக்கான சம்னர் பள்ளியும் இதே ஊரில்தான் இருக்கிறது. அது பூங்காவைச் சேர்ந்ததல்ல. காரில் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம்.