வால்வு டேக்: வால்வா, கண்டன்சரா, ஆப்-ஆம்பா, பவர் சப்ளையா?

வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த டேக் ஒன்று, அதாவது டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலாக மாற்றும் கருவி, வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, இருக்கும் வால்வைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்ப்பதுதான். சால்டரிங் அயர்ன் வேண்டாம், மூடியைத் திறந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் மாற்றக்கூடிய நான்கு இடங்களையும் அருகருகே வைத்துக் கேட்டால், மிகக் குறைவாக ஒலியை மாற்றுவது பெரும்பாலும் அந்த வால்வுதான். முதலில் பவர் சப்ளை, அடுத்து சிப்பின் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் ஐ-வி கட்டம், பிறகு வெளியீட்டுக் கண்டன்சர், கடைசியில் வால்வு: காசும் உழைப்பும் வீணாகாத வரிசை இது. வால்வு வெறும் பஃபராக (பெருக்காமல் சிக்னலைக் கடத்தும் கட்டமாக) இல்லாமல் சிக்னலைப் பெருக்கும் கட்டமாக இருந்தால் மட்டும் அது வரிசையில் முன்னுக்கு வந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது பரவலாகக் கிடைக்கும் இரண்டு அமைப்புகளை. ஒன்று, பிலிப்ஸின் 16 பிட் டிடிஏ1541ஏ சிப், ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது) இல்லாமல், பின்னால் ஒரு 5670 வால்வு. தைவானின் எம்எச்டிடி லேப்ஸ் செய்யும் ஆர்க்கிட் இந்த வகை. மற்றொன்று பிசிஎம்1794 போன்ற 24 பிட் சிப், ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு சிப்), அதன் பின்னால் ஒரு இசிசி88 வால்வு. சீனாவிலிருந்து வரும் பலகைகளில் நிறைய இப்படித்தான் இருக்கும்.

ஒப்பிடும் முன் ஒலி அளவைச் சமன் செய்யுங்கள்

இதைச் செய்யாமல் எழுதப்படும் கருத்துகளை நம்ப முடியாது. கேத்தோடு ஃபாலோயராக, அதாவது கேத்தோடு முனையில் வெளியீடு எடுக்கும் பஃபராக, ஓடும் 5670-இன் பெருக்கம் ஏறத்தாழ 0.97. இசிசி82 வால்வு அதே இடத்தில் 0.94. வித்தியாசம் கால் டெசிபல்தான். ஆனால் அந்தக் கால் டெசிபலைக் காது 'சத்தம் கூடியது' என்று உணராது. 'குரல் முன்னால் வந்தது' என்றே உணரும். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்து, வெளியீட்டை இரண்டு முறையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர வேண்டும். 2 வோல்ட் வெளியீட்டில் அது 20 மில்லிவோல்ட்டுக்கும் சற்று அதிகம். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம். இரண்டு முறையும் அதே மீட்டர் என்றால் அந்தத் தப்பு பாதிக்காது.

பவர் சப்ளை

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்று எத்தனை வோல்ட்டுக்கு என்பது. 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டதை 240 வோல்ட் வரும் வீட்டில் சொருகினால், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் 6.9 வோல்ட்டில் எரியும். வால்வின் ஆயுள் குறையும், இரைச்சலும் ஏறும். ஹீட்டருக்கு ரெகுலேட்டர் இல்லை என்றால், 350 மில்லிஆம்பியர் இழுக்கும் ஒரு 5670-க்கு 1.5 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் அரை வோல்ட் இறங்கிவிடும். இந்த ஒரு ரெசிஸ்டருக்குக் கிடைக்கும் பலனை விலை உயர்ந்த எந்தப் பழைய வால்வும் தராது.

அடுத்தது வால்வின் நேர்முனையான ப்ளேட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்தம். 100 ஹெர்ட்ஸ் உறுமல் இங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. இருக்கும் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் சேர்த்தால் அந்த உறுமல் சுமார் 29 டெசிபல் இறங்கும். 6 மில்லிஆம்பியர் ஓடும்போது 6 வோல்ட்தான் இழப்பு. கண்டன்சரின் தாங்குதிறன், வால்வு சூடேறும் முன் வரும் முழு மின்னழுத்தத்துக்கு மேல் இருக்க வேண்டும். வால்வு மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும்வரை சப்ளை வழக்கத்தைவிட மேலே நிற்கும். 150 வோல்ட் என்று அளந்துவிட்டு 160 வோல்ட் கண்டன்சர் போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பகுதியில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாகக் காப்பிட்ட கிளிப்புகளால் கண்டன்சருக்குக் குறுக்கே வைத்து, மீட்டரில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே தொட வேண்டும். அணைத்த பின்னும் இது உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம்.

சிப்புக்கான 5 வோல்ட் பாதையில் எல்எம்317, எல்டி3042 என்ற இரண்டு ரெகுலேட்டர்களை ஒப்பிட்டால், எண்ணளவில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எல்எம்317-இன் இரைச்சல் வெளியீட்டில் 0.003 சதவீதம், அதாவது 5 வோல்ட்டுக்கு 150 மைக்ரோவோல்ட் அளவு. எல்டி3042-இல் 0.8 மைக்ரோவோல்ட். காதில் விழுவது அந்த அளவு பெரிதல்ல. ஆனால் தம்புராவின் மீட்டல் ஓயும் கடைசி நொடியிலும், தனி வீணையில் இரண்டு சுரங்களுக்கு இடையிலும் பின்னணி சுத்தமாவது தெரியும். எல்டி3042 200 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. டிஜிட்டல் பகுதி முழுவதையும் அதன் தலையில் கட்டக் கூடாது. இன்னொரு வழக்கமான விபத்து: 7805 ரெகுலேட்டர் இருந்த துளைகளில் எல்எம்317-ஐ அப்படியே செருகுவது. இரண்டின் கால் வரிசையும் வேறு. சிப் போய்விடும், டிடிஏ1541ஏ போனால் நல்லது ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

ஐ-வி கட்டம்

'வால்வின் இனிமை', 'வால்வின் மந்தம்' என்று வால்வின் பேரில் எழுதப்படும் பல குணங்கள் உண்மையில் இங்கே உருவாகின்றன. டிடிஏ1541ஏ-இன் முழு வெளியீடு 4 மில்லிஆம்பியர், உச்சத்திலிருந்து உச்சம். ஆப்-ஆம்பில் 1.5 கிலோ ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் (வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்புவது) போட்டால் 6 வோல்ட், ஆர்எம்எஸ் கணக்கில் 2.1 வோல்ட். சிடி பிளேயருக்கு உரிய அளவு.

ஆப்-ஆம்பையே எடுத்துவிட்டு, ஒரு ரெசிஸ்டரும் வால்வும் மட்டும் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தச் சிப்பின் வெளியீட்டு முனை பிளஸ் மைனஸ் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் அசையக் கூடாது. அப்படியானால் ரெசிஸ்டர் 12.5 ஓம்தான். கிடைப்பது 18 மில்லிவோல்ட்டுக்குக் கீழே. 2 வோல்ட் எட்ட 113 மடங்கு பெருக்கம் வேண்டும். இசிசி88-இன் மியூ (வால்வு தரக்கூடிய உச்சப் பெருக்கம்) 33, 5670-இன் மியூ 35. ஒரு கட்டத்தில் முடியாது. இரண்டு கட்டம் வைத்தால் இரைச்சலும் உறுமலும் கூடவே பெருகும். அதனால் பலர் 50 ஓம், 100 ஓம் என்று ஏற்றிவிடுகிறார்கள். முனை எல்லையைத் தாண்டி அசைகிறது, சிதைவு ஏறுகிறது. கேட்பவருக்கு அது முதல் அரை மணி நேரம் 'அடர்த்தி'யாகத் தெரியும். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் சேரும் இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாவதைக் கேட்டால் உண்மை விளங்கிவிடும். இந்தச் சிப்புக்கு ஆப்-ஆம்ப் ஐ-வியே மேல்.

எந்த ஆப்-ஆம்ப்? என்இ5532-ஐ மட்டம் என்று தூக்கி எறிய வேண்டாம். நொடிக்கு 9 மில்லியன் வோல்ட் வேகம், 10 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத சிப்புக்குக்கூட அது கிட்டத்தட்டப் போதும். ஓபிஏ2134 போட்டால் மேல்சுரங்கள் சற்று வழவழப்பாகக் கேட்கும். ஜால்ராவின் முதல் தட்டலில் கூர்மை கொஞ்சம் குறையும். எல்எம்4562 மூன்றிலும் தெளிவானது, ஆனால் 55 மெகாஹெர்ட்ஸ் சிப்பை என்இ5532-க்காக வரைந்த பலகையில் செருகினால் ஆசிலேட் ஆகும் (தானாகவே அதிரும்) அபாயம் உண்டு. 'எல்எம்4562 காதைக் குத்துகிறது' என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். சிப் தொட முடியாத அளவு சுட்டால் சந்தேகிக்கலாம். 4-ஆம், 8-ஆம் கால்களில் இருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டன்சர்களை, கால் நீளம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், பலகையின் அடியிலேயே சால்டர் செய்வதே மருந்து. ஓபிஏ627 பேரில் வரும் மலிவுச் சரக்கில் போலிகள் அதிகம். நம்பகமான விநியோகஸ்தரிடம் தவிர வாங்க வேண்டாம்.

ஆப்-ஆம்பைவிட முக்கியமானது, ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே நிற்கும் சின்னக் கண்டன்சர். 1.5 கிலோ ஓமுக்கு 1 நானோஃபாரட் என்றால் வடிகட்டல் 106 கிலோஹெர்ட்ஸில் தொடங்கும், 2.2 நானோஃபாரட் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில். அது சாதாரணச் செராமிக்காக இருந்தால் பாலிஸ்டைரீனாகவோ சிஓஜி செராமிக்காகவோ மாற்றுங்கள். மதிப்பு அதேதான், சிதைவு குறையும். ஒரு தேநீர் விலைக்குள் முடியும் வேலை.

வெளியீட்டுக் கண்டன்சர்

இங்கே பிராண்டைப் பற்றிப் பேசுபவர்கள் மதிப்பை மறந்துவிடுகிறார்கள். 2.2 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீனைக் கழற்றி, அழகான 0.22 மைக்ரோஃபாரட் எண்ணெய்-காகிதக் கண்டன்சரைப் போட்டால் என்ன ஆகும்? அடுத்து நிற்கும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் முதலாவது 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இரண்டாவது 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இழந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி மெலியும், குரல் முன்னே வரும். அதைக் காகிதத்தின் மகிமை என்று நினைப்பது தவறு. அதே 0.22, 47 கிலோ ஓம் உள்ளீட்டில் 15 ஹெர்ட்ஸ் வரை போகும். அங்கே ஒப்பீடு ஓரளவு நியாயமானது.

மதிப்பைச் சமமாக வைத்துக் கேட்டால், எலக்ட்ரோலிட்டிக்கில் இருந்து பாலிப்ரொப்பிலீனுக்குப் போவது தெளிவாகத் தெரியும். பாலிப்ரொப்பிலீனில் இருந்து சோவியத் கே40யூ-9 எண்ணெய்-காகித வகைக்குப் போனால் மேல்முனை ஒரு துளி தணியும், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். பழைய எண்ணெய்-காகிதம் டிசி கசியவும் செய்யும். ஆம்ப்ளிஃபயரை இணைக்கும் முன், வெளியீட்டில் 100 கிலோ ஓம் வைத்து அதன் குறுக்கே டிசி அளக்க வேண்டும். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நின்றால் அந்தக் கண்டன்சர் வேண்டாம். பெரிய உடம்புள்ளவற்றைப் பலகைக்கு வெளியே நீளக் கம்பியில் தொங்கவிட்டால் அவை டிரான்ஸ்பார்மரின் உறுமலை வாங்கும். கம்பியைக் குட்டையாக வைத்து, உடம்பைச் சிலிக்கோனால் ஒட்டிவிட வேண்டும்.

வால்வு

5670 குடும்பத்துக்குள் மாற்றுவது எளிது. 5670, 2சி51, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 396ஏ, சோவியத் 6என்3பி எல்லாவற்றிலும் ஹீட்டர் 1, 9-ஆம் கால்களில். 2சி51-க்கும் 396ஏ-வுக்கும் 300 மில்லிஆம்பியர், மற்றவற்றுக்கு 350. மேலே சொன்னபடி ஹீட்டருக்குத் தொடர் ரெசிஸ்டர் போட்டிருந்தால் வால்வை மாற்றியதும் 6.3 வோல்ட்டை மறுபடி அளக்க வேண்டும். அதே காலமைப்பில் வரும் 6386 வேறு பிறவி: மியூ மாறிக்கொண்டே இருக்கும் வகை. ஃபேர்சைல்ட் 670 லிமிட்டரில் (ஒலிப்பதிவில் உச்சங்களை அடக்கும் கருவி) அதற்குப் பெயர். டேக்கில் வேலை இல்லை.

ஒலி எப்படி? கேத்தோடு ஃபாலோயரில் முழு ஃபீட்பேக் ஓடுவதால் வால்வுகளின் குணம் பெரும்பாலும் அமுங்கிவிடும். 396ஏ-வின் மேல்சுரங்கள் 5670-ஐவிட ஒரு நூல் திறந்து கேட்கும் என்பார்கள். அளவைச் சமன் செய்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் அந்த நூல் பல நேரம் காணாமல் போகும். 6என்3பி-யில் தனிப்பட்ட வால்வுகளுக்குள்ளேயே வேறுபாடு அதிகம்; சிலவற்றைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கும், அவற்றை ஒதுக்குங்கள். எந்த வால்வானாலும் இரண்டு கேத்தோடுகளிலும் டிசியை அளந்து பாருங்கள். 60 வோல்ட்டுக்கு 52 என்று விலகி நின்றால் ஒரு பாதி சோர்ந்துவிட்டது.

5670 சாக்கெட்டில் இசிசி88 வைக்க அடாப்டர் கிடைக்கிறது. கேத்தோடு ஃபாலோயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 180 ஓம் அளவிலிருந்து 100 ஓம் பக்கம் இறங்கும். நீளமான கேபிளுக்கு நல்லது. ஆனால் கம்பி நீளம் கூடுவதால் அதிக ஜிஎம் (உள்ளீட்டு முனையான கிரிட்டின் மின்னழுத்தத்துக்கு மின்னோட்டம் மாறும் அளவு) உள்ள இந்த வால்வு ரேடியோ அலைவரிசையில் ஆசிலேட் ஆகும். கிரிட் காலிலேயே 470 ஓம் ரெசிஸ்டர் போடாமல் அடாப்டரை நம்பக் கூடாது. இசிசி82-ஐ இசிசி88 சாக்கெட்டில் நேராகச் செருகவே கூடாது: முதலாவதில் 9-ஆம் கால் ஹீட்டரின் நடு முனை, இரண்டாவதில் ஷீல்டு.

இரண்டாவது அமைப்பில், ப்ளேட்டுக்கு 24 வோல்ட் மட்டும் கொடுத்து இசிசி88-ஐ ஓட்டும் மலிவுப் பலகைகளில், வால்வு மாற்றம் உண்மையாகவே பேசும். அந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் இசிசி88 மூச்சுத் திணறும். கார் ரேடியோவுக்காகவே உருவான இசிசி86, அதாவது 6ஜிஎம்8, அதே காலமைப்பில் அங்கே ஒழுங்காக வேலை செய்யும். பெருங்குரல் உச்சங்களில் இருந்த கரகரப்பு குறையும். அதன் ப்ளேட் எல்லை 30 வோல்ட். 90 வோல்ட் ஓடும் டேக்கில் போட்டால் போயே போச்சு.

ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டேக்கின் 'வால்வு வெதுவெதுப்பு' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு வால்வுடையது அல்ல. 44.1 கிலோஹெர்ட்ஸில் சாம்பிளை அப்படியே பிடித்து வைத்து வெளியிடும் முறையாலேயே 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபலும் சரிகின்றன. எந்த வால்வைச் செருகினாலும் இந்தச் சரிவு அப்படியே இருக்கும். டேக்கின் உள்ளீடு ஏற்குமானால், கணினியிலேயே 88.2 கிலோஹெர்ட்ஸாக்கி அனுப்பிப் பாருங்கள்: 20 கிலோஹெர்ட்ஸ் சரிவு 0.75 டெசிபலாகச் சுருங்கும். பிரகாசமான வால்வு தேடி வாங்க நினைத்த பணம் அப்போது பெரும்பாலும் கையிலேயே இருக்கும்.