ரங்கூனில் ஐஸ்கிரீம், பலூடா: இருபது வருடமாக நான் போகும் இடங்கள்

போன ஏப்ரலில் சென்னையிலிருந்து நாத்தனார் மகள் வந்திருந்தாள். வந்த மறுநாளே, "அத்தை, இங்கே நல்ல ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். கடை பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு. எங்கள் பக்கம் அன்று ஒன்பது மணிக்கு வந்த கரண்ட் ஒரு மணிக்குப் போய்விடும். "செருப்பைப் போடு, இப்பவே போகலாம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறவர்கள் கடையோடு மணியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கரண்ட் நிலைமை அப்படி ஆகிவிட்டது. சில மணி நேரம் வரும், சில மணி நேரம் போகும். கோடையில் அதுவும் நிச்சயமில்லை. நான் 2004-இல் பர்மாவின் தெற்கே இருக்கும் மோல்மேன் ஊரிலிருந்து கல்யாணமாகி ரங்கூன் வந்தவள். அன்று முதல் இன்று வரை விடாமல் போய்க்கொண்டிருக்கும் இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒருமுறை போய்விட்டு வந்து சொல்கிற அபிப்பிராயம் இல்லை இது.

முதலில் மொகல் தெரு. இப்போது அதற்கு ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். ஆனால் என் மாமனார் வாயில் அது மொகல் தெருதான். அனோரத்தா ரோடு அவருக்கு பிரேசர் தெரு, மகாபந்தூலா ரோடு டல்ஹௌசி தெரு. அவரோடு பேசிப் பேசி எனக்கும் இரண்டு பெயரும் பழகிவிட்டது. அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு பாய் பலூடா கடை வைத்திருக்கிறார். ஆறு ஸ்டூல், ஒரு மேசை, சுவரோரம் ஒரு ஃப்ரீசர், அவ்வளவுதான் கடை. கல்யாணமான புதிதில் காளி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் கணவர் அங்கே அழைத்துக்கொண்டு போனார். 1871-இல் நம் ஆட்கள் கட்டிய கோயில் அது. அனோரத்தா ரோட்டில் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு இன்றைக்கும் பலூடா ஞாபகம் வந்துவிடும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

பாய் ஒரு கிளாஸ் பலூடா போடுவதை நின்று பார்க்க வேண்டும். உயரமான கண்ணாடி கிளாஸ். அடியில் ஊறிய சப்ஜா விதை இரண்டு கரண்டி. ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஜவ்வரிசி, பிறகு சிவப்பும் பச்சையுமாக வெட்டிய கடல்பாசி, பிறகு வழுவழுவென்று சேமியா. ரோஜா சர்பத்தை கிளாஸின் உள்சுவரை ஒட்டி மெதுவாக விடுவார். அது யாரையும் கலக்காமல் நேராக அடிக்குப் போய் உட்காரும். அப்புறம் காய்ச்சி ஆறவைத்த பால், உடைத்த ஐஸ். அதன் மேல் ஒரு துண்டு முட்டை புட்டிங். கடைசியாக ஒரு உருண்டை ஐஸ்கிரீம், பாதி பாலில் முங்கி, பாதி வெளியே.

அந்த முட்டை புட்டிங்தான் ரங்கூன் பலூடாவின் அடையாளம். பாரசீகத்தில் பிறந்து, மொகலாயர் காலத்தில் இந்தியா வந்து, அங்கிருந்து வியாபாரிகளோடு கப்பலேறி இங்கே வந்த பண்டம் இது. இங்கே வந்ததும் ஜவ்வரிசியும் புட்டிங்கும் சேர்த்துக்கொண்டு இந்த ஊர்க்காரனாகிவிட்டது. நாத்தனார் மகள் முதல் வாய் எடுத்துவிட்டு, "எங்க ஊர் பலூடாவில் இது இல்லையே அத்தை" என்று புட்டிங்கைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது கிளாஸில் அதை மட்டும் கூடுதலாகக் கேட்டாள்.

"சின்னம்மாவுக்கு புட்டிங் ரெண்டு துண்டு, உங்களுக்கு சர்பத் கம்மி, சரிதானேம்மா?" என்றார் பாய். இருபது வருடத்தில் ஒருமுறைகூட என் சர்பத் அளவை அவர் மறந்ததில்லை.

என் சிபாரிசு: கலக்காமல் சாப்பிடுங்கள். நீளக் கரண்டியை அடிவரை விட்டு மேலே கொண்டுவந்தால் ஒவ்வொரு வாயும் வேறு வேறாக இருக்கும். ஐஸ்கிரீம் உருகிப் பாலோடு சேர்ந்து கடைசி நான்கு வாய் கெட்டியாக வரும். அதற்காகத்தான் அந்தக் கிளாஸே. இன்னொன்று, ஐஸ்கிரீம் லேசாக இளகியிருந்தாலும் பலூடாவில் தெரியாது, எப்படியும் பாலில் கரையப் போவதுதானே. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது என்றால் நான் தனி ஐஸ்கிரீம் வாங்க மாட்டேன், பலூடாதான் வாங்குவேன்.

அடுத்தது போஜோ மார்க்கெட். 1926-இல் கட்டியது, பழைய ஆட்களுக்கு ஸ்காட் மார்க்கெட். திங்கட்கிழமை மூடியிருக்கும், தெரியாமல் போய்த் திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கே ஷ்வே யின் ஏ சாப்பிட வேண்டும். பொன் நெஞ்சு குளிர என்று பர்மியப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். தேங்காய்ப்பால், ஜவ்வரிசி, கடல்பாசி, பச்சை நிறத்தில் புழு மாதிரி பிழிந்த அரிசிமாவுத் துண்டுகள், கொஞ்சம் வெந்த, பசையாக ஒட்டும் புட்டரிசி, மேலே ஐஸ். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வெள்ளை பிரெட் துண்டு. தேங்காய்ப்பாலில் பிரெட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். அது பாலை உறிஞ்சிக்கொண்டு பஞ்சு மாதிரி ஆகும் நேரத்தில் எடுத்து வாயில் போட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் கரைந்துவிடும், அவசரப்பட்டால் வறட்டு ரொட்டி.

ஐஸ்கிரீம் பற்றிச் சொல்ல வந்துவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கு ஃப்ரீசர் தேவையில்லை. காலையில் பிழிந்த தேங்காய்ப்பாலும் ஐஸ் கட்டியும் போதும். சில கடைகளில் மேலே ஒரு உருண்டை தேங்காய் ஐஸ்கிரீமும் வைத்துத் தருவார்கள், கேட்டால் கிடைக்கும். அங்கே பரிமாறுகிற பெண்கள் என்னை "அமா" என்று கூப்பிடுவார்கள். பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா. என் அம்மா மோல்மேனிலிருந்து வந்திருந்தபோது, "பாரேன், எவ்வளவு பாசமா அம்மான்னு கூப்பிடுது அந்தப் பொண்ணு" என்று கூட நூறு சாட் (பர்மியப் பணம்) கொடுத்துவிட்டு வந்தார். நான் திருத்தவில்லை.

ஷ்வே பூ சூன் கேக் கடையைத் தெரியாத குடும்பம் ரங்கூனில் இருக்காது. அவர்கள் பலூடாவும் பெயர் பெற்றது. ஏசியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் அங்கே போகலாம். பாய் கடையை விட இனிப்பு சற்றுத் தூக்கல். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

ஷார்க்கீஸ் கடையின் ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) வேறு ரகம். விலை அதிகம், அதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான். சாதாரண ஐஸ்கிரீமை விட ஜெலாட்டோவில் காற்று குறைவு, கொழுப்பும் குறைவு. அதனால் சின்ன உருண்டையே கனமாக இருக்கும், பழத்தின் ருசி பளிச்சென்று தெரியும். பெண்ணின் பரீட்சை முடிவு வந்த அன்று அங்கேதான் போனோம்.

பழம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பர்மாவில் ஐஸ்கிரீமுக்குப் பருவம் பார்க்க வேண்டும். மே, ஜூனில் மோல்மேன் பக்கத்து டுரியான் வரும்போது டுரியான் ஐஸ்கிரீம், அதே சமயம் செயின் தலோன் மாம்பழம். மழை விட்டதும் ஷான், சின் மலைகளிலிருந்து அவகாடோ. அதைப் பர்மியர்கள் தோபாத் தீ என்கிறார்கள். தோபாத் என்றால் வெண்ணெய், தீ என்றால் பழம். நாமும் வெண்ணெய்ப்பழம் என்றுதானே சொல்கிறோம்! அதை மசித்து டின் பாலோடு உறைய வைத்தால் அரைப்பானில் கடையாமலே வழுவழுவென்று வரும், ஏனென்றால் பழத்திலேயே கொழுப்பு இருக்கிறது, டின் பாலின் சர்க்கரை அதைப் பாறையாக உறைய விடாது. இதை நான் வீட்டிலேயே செய்துவிடுகிறேன். நல்ல பழம் கிடைக்கிற மாதங்களில் கடையில் வாங்கியதே இல்லை.

தெருவில் விற்கும் ஐஸ் போட்ட பண்டங்கள் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல முடியும். விடிகாலையில் மரத்தூள் ஒட்டிய பெரிய ஐஸ் பாளங்களை சைக்காவில் (பர்மிய சைக்கிள் ரிக்‌ஷா) கொண்டுவந்து நடைபாதையில் இறக்கி, ரம்பத்தால் அறுப்பதை டவுனில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அது மீன் பெட்டிக்கும் போகும், குளிர்பானத்துக்கும் போகும். அதனால் நான் கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன்: குழாய் ஐஸா, பாள ஐஸா? நடுவில் ஓட்டையோடு வரும் குழாய் ஐஸ் என்றால் வாங்குவேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை.

இப்போது மனக்குறைக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய கடையில் இரண்டு லிட்டர் வெனிலா டப்பா வாங்கினேன். பெயர் பெற்ற கடைதான். மெழுகுவர்த்தி ஊதி முடித்து, டப்பாவைத் திறந்தால் ஐஸ்கிரீம் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் ஊசி ஊசியாகப் பனி. வாயில் வைத்தால் மணலைத் தின்கிற மாதிரி நறநறப்பு. வந்த பிள்ளைகள் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். என் பெண் ஒன்றும் சொல்லாமல் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். எனக்கு அன்று மனசே சரியில்லை.

நடந்தது இதுதான். நல்ல ஐஸ்கிரீமில் பனித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். வேகமாகக் கடைந்துகொண்டே உறைய வைப்பது அதற்காகத்தான். கரண்ட் போய் லேசாக இளகினால் சின்னத் துகள்கள் உருகித் தண்ணீராகும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் மிச்சமிருக்கும் துகள்கள் மேல் போய் ஒட்டி மெதுவாக உறையும். ஒவ்வொரு தடவையும் துகள் பெரிதாகும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்குக்குத் தெரிந்துவிடும். உள்ளே அடைத்த காற்றும் வெளியேறிவிடுவதால் டப்பாவில் மட்டம் இறங்கும். ருசி மட்டும் போனால் பரவாயில்லை, முழுக்க இளகி மறுபடி உறைந்தது என்றால் வயிற்றுக்கும் ஆகாது.

அன்றிலிருந்து டப்பா வாங்கும்போது மூடி ஓரத்தைப் பார்க்கிறேன். பனி படிந்திருந்தால் வேண்டாம். பக்கவாட்டில் லேசாக அமுக்கிப் பார்ப்பேன், அமுங்கினால் வேண்டாம். டப்பாவைக் கையில் தூக்கும்போது மூடி ஒரு பக்கம் உப்பியோ கோணலாகவோ இருந்தால் அதுவும் வேண்டாம். ஃப்ரீசரின் மேல் வரிசையை விட்டு அடியிலிருந்து எடுப்பேன். இத்தனையும் பார்த்து வாங்கியும் சில சமயம் ஏமாந்திருக்கிறேன். ஆகவே இப்போதெல்லாம் தினம் கொஞ்சமாகச் செய்து அன்றைக்கே விற்றுத் தீர்க்கிற சின்னக் கடைகளுக்குத்தான் போகிறேன்.

பர்மியப் புத்தாண்டான தின்ஜான் சமயத்தில் மட்டும் எங்கும் போவதில்லை. தெருவெல்லாம் தண்ணீர்த் திருவிழா, நமக்கும் அதே வாரத்தில்தான் சித்திரைப் பிறப்பு. பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பம் ஒரு சட்டி மொன் லெ சாவுங் கொடுத்தனுப்பும். வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய அரிசிமாவுத் துண்டுகள். நாங்கள் பதிலுக்குப் பாயசம் கொடுப்போம்.

சரி, நாத்தனார் மகள் கதைக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மறுபடியும் பாய் கடைக்குப் போக வேண்டும் என்றாள். கரண்ட் போய் மூன்று மணி நேரமாகியிருந்தது. "இப்ப போனா ஒன்னும் இருக்காதும்மா" என்றேன். கேட்கவில்லை. போனோம். கடை இருட்டாக இருந்தது, மேசை மேல் ஒரு சார்ஜ் லைட். பாய் கீழே குனிந்து ஒரு தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். உடைத்த ஐஸ், அதில் கல்லுப்பு வாரிப் போட்டிருந்தார், நடுவில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கு.

ஐஸில் உப்பைப் போட்டால் அது உருகிக்கொண்டே இன்னும் குளிரும். சரியான அளவில் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். மெஷின் வருவதற்கு முன்னால் மரத்தொட்டியில் கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்ததெல்லாம் இப்படித்தான். பாயின் வாப்பா அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவராம். ஜெனரேட்டருக்கு டீசல் போட்டுக் கட்டுப்படியாகாததால் இவரும் அதற்கே திரும்பிவிட்டார்.

"ரெண்டு உருண்டைதான் தேறும்மா. ஊருக்குப் போற பிள்ளை, அதுக்கே போட்டுடறேன்."

தூக்கின் அடியைச் சுரண்டி எடுத்து வைத்தார். அவள் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கரண்டியை என்னிடம் நீட்டினாள். கொஞ்சம்கூட நறநறப்பில்லை.